தகரப் பேணியில் வார்த்த வேகம்

கல்கிசையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சிறியதொரு மோட்டார் சைக்கிள் திருத்தகம் இருக்கிறது. அதை நடத்துபவர் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டு, தென்மராட்சி, வன்னி என்று அலைந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். சாவிகளும் குறடுகளும் தொங்கும் பலகையின் ஓரத்தில், மூடியில் துளையிட்ட ஒரு சின்ன மருந்துப் போத்தலை அவர் இன்றும் வைத்திருக்கிறார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வருவதில்லை. வந்தாலும் போத்தல் கணக்கில் தங்க விலை. மண்ணெண்ணெயோ குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் அந்தச் சின்னப் போத்தலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகிப் பற்றத் தொடங்கும். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்டின், மொறிஸ் மைனர் கார்களும் அப்படித்தான் ஓடின. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஊர் மாறியதும் அந்தப் புகையோடுதான்.

அந்தப் போத்தலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உலகத்தின் தென்கோடியில் வாழ்ந்து மறைந்த ஒரு கிழவரின் நினைவு வரும். அவருக்குப் போர் இல்லை, பொருளாதாரத் தடை இல்லை. ஆனால் கையில் காசில்லை. அவருடைய வண்டிக்கு உதிரிப்பாகங்களும் கிடைக்கவில்லை. தகரப் பேணியில் பிஸ்ரன் வார்த்து, ஒரு பழைய மோட்டார் சைக்கிளை உலகின் மிக வேகமான வண்டிகளில் ஒன்றாக்கினார். அவர் பெயர் பேர்ட் மன்றோ.

தெற்கின் கடைசி நகரம்

நியூசிலாந்தின் தென்கோடி நகரம் இன்வகார்கில். அதற்கப்பால் சில தீவுகள், பிறகு அந்தாட்டிக்காவின் கடல். அந்தப் பகுதியில் 1899 மார்ச் 25ஆம் திகதி ஒரு விவசாயக் குடும்பத்தில் இரட்டைக் குழந்தைகளில் ஒருவராக மன்றோ பிறந்தார். கூடப் பிறந்த தங்கை பிறப்பிலேயே இறந்துபோனாள். இந்தப் பையனும் இரண்டு வயதைத் தாண்டமாட்டான் என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் சொன்னார்களாம். அவர் 78 வயதுவரை இருந்தார்.

சிறு வயதிலேயே வேகத்தில் பித்து. பண்ணையில் இருந்த குதிரைகளில் மிக வேகமானதைத்தான் ஏறி ஓட்டுவார். வீட்டில் ஏசுவார்கள். பண்ணைக்கு வெளியே உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், தென்தீவின் மலைத்தொடரைக் குடைந்து அமைத்த ஒற்றிறா ரயில் சுரங்கத்தில் கொஞ்சக் காலம் கூலிவேலை செய்தார். தகப்பன் கூப்பிட்டதும் மறுபடி பண்ணைக்குத் திரும்பினார்.

1920இல் அவர் ஒரு புதிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் தயாரான அந்த வண்டியின் பெயர் இந்தியன் ஸ்கவுட். எஞ்சின் 600 சிசி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஓட்டினால் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 90 கிலோமீற்றர் போகும். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேகம். மன்றோவுக்குப் போதவில்லை. 1926 அளவில் வண்டியைப் பிரித்து மாற்றத் தொடங்கினார். அந்த வேலையை அவர் சாகும் காலம் நெருங்கும்வரை நிறுத்தவில்லை. ஒரே வண்டி, ஒரே மனிதர், ஐம்பது ஆண்டுகள்.

பேணியும் கம்பியும்

1930களின் உலகப் பொருளாதார மந்தம் நியூசிலாந்தையும் விடவில்லை. மன்றோ தகப்பனின் பண்ணைக்குத் திரும்பினார். பின்னர் மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தார். பகலில் கடை வேலை, இரவில் சொந்த வண்டி. பல நாட்கள் விடியும்வரை கராஜில் விளக்கெரியும். முகம் கழுவிவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். ஊருக்குப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் ஒரேற்றி கடற்கரையின் இறுகிய ஈர மணல்தான் அவருடைய பரிசோதனைக் களம். வற்றுக்கடல் நேரத்தில் அங்கே ஓடிப்பார்ப்பார். எஞ்சின் வெடித்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி பிரிப்பார்.

வெடிப்பது சாதாரண விடயம். 55 மைல் வேகத்துக்கென்று செய்யப்பட்ட எஞ்சினை அதன் இரண்டு, மூன்று மடங்கு வேகத்துக்கு விரட்டினால் ஏதாவதொன்று உடையத்தான் செய்யும். பிஸ்ரன் உருகும், தண்டு முறியும், சிலிண்டர் பிளக்கும். காசுள்ளவர் புதிதாக வாங்குவார். மன்றோவிடம் காசில்லை. தவிர, இந்தியன் மோட்டார் சைக்கிள்களைச் செய்த தொழிற்சாலையே 1953இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் அவரே செய்தார்.

பழைய எஞ்சின்களில் கிடைத்த அலுமினியத்தை உருக்கித் தகரப் பேணிகளுக்குள் ஊற்றிப் பிஸ்ரன் வார்த்தார். சிலிண்டர்களையும் பறக்கும் சில்லுகளையும் தானே செய்தார். பிஸ்ரனோடு பிணையும் தண்டுகளை, பழைய உழவு இயந்திரமொன்றின் அச்சிலிருந்து வெட்டி, அரத்தால் ராவி ராவி உருவாக்கினார். நுண்ணளவு எடுக்கும் கருவிகூட ஒரு பழைய சில்லுக் கம்பியிலிருந்து அவரே செய்துகொண்டதுதான். வால்வுகள் பக்கவாட்டில் இருந்த எஞ்சினைத் தலைமேல் வால்வுகள் கொண்ட எஞ்சினாக மாற்றினார். எண்ணெய் ஓடும் வழியையும் தானே வடிவமைத்தார். 600 சிசியாக இருந்த எஞ்சின் மெல்ல மெல்ல வளர்ந்து 850, 920, கடைசியில் 950 சிசி ஆனது.

உடைந்துபோன பாகங்களை அவர் எறியவில்லை. கராஜில் ஒரு தட்டு முழுக்க அடுக்கி, அவை வேகத்தின் கடவுளுக்குத் தான் இட்ட படையல் என்று எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டும் ஏன் உடைந்தது என்று அவருக்குத் தெரியும். அடுத்ததை அதற்கேற்ப மாற்றிச் செய்வார். கல்லூரிக்குப் போகாத அந்த மனிதருக்கு அந்தத் தட்டுத்தான் பல்கலைக்கழகம்.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அவர் மணம் முடித்தவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். வீட்டுக்கு வர வேண்டிய நேரமும் பணமும் கராஜுக்குப் போயின. 1940களின் இறுதியில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். அதே காலத்தில் வேலையையும் விட்டுவிட்டு, கராஜிலேயே கட்டிலைப் போட்டு வாழத் தொடங்கினார். சாதனையாளர்களின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவார்கள். பிள்ளைகள் அவ்வளவு விரைவாகக் கடந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் தகப்பனுக்காக ஒரு காரியம் செய்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உப்பு வெளி

ஆனையிறவைக் கடந்தவர்களுக்கு உப்பின் வெள்ளை தெரியும். பாத்திகளில் வெயில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வென்டோவர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், அப்படியொரு வெள்ளை ஏறத்தாழ 30,000 ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது. பாத்தி இல்லை, வரம்பு இல்லை, ஒரு மரம் இல்லை. பனியுகத்தில் அங்கே மாபெரும் ஏரியொன்று இருந்தது. அது வற்றியபோது எஞ்சிய உப்புத்தான் பொன்வில் உப்பு வெளி. மாரியில் மேலே மெல்லிய நீர் பரவும். கோடையில் அது ஆவியாகும்போது உப்பு மறுபடி உறைந்து, காற்று தடவிய தரைபோல மட்டமாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் இயற்கை தானே போட்டுக் கொடுக்கும் ஓடுபாதை அது.

1935இல் பிரித்தானியரான மல்கம் கம்பெல் அங்கேதான் தன் காரில் மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்டினார். 1949இலிருந்து ஓகஸ்ட் மாதங்களில் வேக வாரம் என்ற பெயரில் போட்டி நடக்கிறது. போட்டி என்றாலும் ஒருவரோடு ஒருவர் ஓடுவதில்லை. உப்பின் மேல் கறுப்புக் கோடொன்று இழுத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. எதிராளி நேரம் மட்டும்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இருக்கை வரிசை கிடையாது. வாகனத்தை உப்பின் மேலேயே ஓட்டிச் சென்று, பாதையிலிருந்து தொலைவில் நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். தொப்பி போட்டாலும் பயனில்லை, வெயில் கீழிருந்தும் எறிக்கும். நாடியின் அடிப்பக்கம்கூடக் கருகும். வண்டியின் அடித்தகட்டில் உப்பு அப்பிக்கொள்ளும். கானல் நீர் நடுங்கும் தொலைவில் ஒரு புள்ளி தெரியும். அது பெருகி முன்னால் கடந்து போன பிறகுதான் சத்தம் வந்து சேரும். பிறகு மறுபடி அமைதி. எல்லோரும் வேகத்தைச் சொல்லும் அறிவிப்புக்காகக் காத்திருப்பார்கள். சில செக்கன்களுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ நின்றுகொண்டிருப்பார்.

ஒரு தடவை வேகமாக ஓடிவிட்டால் அது சாதனையாகாது. இரண்டு ஓட்டங்களின் சராசரிதான் கணக்கு. காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் தடுக்கும் என்பதால், சர்வதேச விதி இரண்டு ஓட்டங்களையும் எதிரெதிர்த் திசைகளில் ஓடச் சொல்கிறது. தற்செயலாக வென்றவனை இந்த விதி கழித்துவிடும். முதல் ஓட்டத்தில் எஞ்சின் வெடித்தால் எல்லாம் போயிற்று. மன்றோவைப் போல் தன் கையால் வார்த்த பாகங்களோடு ஓடுபவருக்கு இதுவே பெரிய சோதனை.

அறுபது வயதுக்குப் பிறகு

மன்றோ முதலில் அங்கே பார்வையாளராகத்தான் போனார். பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு வேறெதுவும் ஓடவில்லை. பசிபிக் கடலைத் தாண்டி, கப்பலில் வண்டியை ஏற்றி, அமெரிக்காவில் மலிவு விலையில் கிடைத்த பழைய காருக்குப் பின்னால் அதை இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார். மொத்தம் பத்துத் தடவை போனார், அதில் ஒன்பது தடவை ஓடினார். அதற்கு முன்பே, 1950களின் இறுதியில், நெஞ்சு வலி நோய் அவரைப் பிடித்திருந்தது. மருந்தோடுதான் பயணம்.

மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவருடைய வண்டி பரிதாபமாகத் தெரிந்திருக்கும். நாற்பது வயது கடந்த எஞ்சின். அதைச் சுற்றி மீன்போல நீண்ட கூடு. அதற்குள் முன்புறம் குப்புறச் சாய்ந்து படுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். தானாகப் புறப்பட முடியாது, பின்னால் இருந்து தள்ளிவிட வேண்டும். இதில் ஏறுபவருக்கு வயது அறுபதுக்கு மேல்.

1962இல், 63 வயதில், 883 சிசிக்குட்பட்ட வகுப்பில் மணிக்கு 288 கிலோமீற்றர் வேகத்தில் உலக சாதனை படைத்தார். 1966இல் 1000 சிசி வகுப்பில் மணிக்கு 270 கிலோமீற்றர். 1967 ஓகஸ்ட் 26ஆம் திகதி, 68 வயதில், அதே வகுப்பில் மணிக்கு 183.59 மைல், அதாவது 295 கிலோமீற்றர். தகுதிச் சுற்றின் ஒருவழி ஓட்டத்தில் 190.07 மைலைத் தொட்டார். இந்தியன் மோட்டார் சைக்கிள் ஒன்றில் அதிகாரபூர்வமாகப் பதிவான மிகக் கூடிய வேகம் அது. சாதனையாகக் கணக்கில் வராத ஓர் ஓட்டத்தில் 200 மைலையும் தாண்டியிருக்கிறார்.

எண்கள் எண்களாகவே இருந்தால் புரியாது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மன்றோவின் வேகத்தில் போனால் ஒரு மணி இருபது நிமிடம். அதுவும் 1920இல் வாங்கிய வண்டியில்.

அந்த 1967இல் ஓர் ஓட்டத்தின் நடுவே வண்டி ஆடத் தொடங்கியது. அந்த வேகத்தில் வண்டி ஆடினால் பிரேக்கைத் தொடவும் முடியாது, விடவும் முடியாது. காற்றில் உடலை நிறுத்தியாவது வேகத்தைக் குறைப்போம் என்று நிமிர்ந்தார். காற்று அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. காற்றின் அறையில் விழிகள் உள்ளே அமுங்கி, ஒன்றும் தெரியாமல் போனது. கறுப்புக் கோட்டை விட்டு விலகிப்போய், இரும்பு அடையாளக் கம்பமொன்றைச் சில அங்குல இடைவெளியில் தப்பினார். கடைசியில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து உப்பின் மேல் சறுக்கவிட்டார். சில சிராய்ப்புகளோடு எழுந்துவிட்டார்.

ஏன் இந்த வயதில் இது என்று அவரிடம் பலர் கேட்டிருப்பார்கள். பரிசுப் பணம் பெரிதாக இல்லை. அவர் ஓடிய வகுப்புகளின் பெயரைக்கூட வெளியுலகில் பலர் அறியார். ஆனால் அந்த வண்டியால் இன்னும் கொஞ்சம் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பின் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த மனநிலை நமக்குப் புதியதல்ல. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, மறுபடி நீந்தித் திரும்பினார். 51 மணித்தியாலம் கடலில். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். மன்றோ உப்பிலிருந்து எழுந்து வந்தார், ஆனந்தன் உப்பு நீரிலிருந்து எழுந்து வரவில்லை. இரண்டு பேரையும் விரட்டியது ஒன்றுதான்.

திருத்தப்பட்ட கணக்கு

1977இல் மன்றோவுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால்கள் முன்போல் சொற்கேட்கவில்லை. இனி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும், தன்னிடமிருந்த இந்தியனையும் வெலோசெற் மோட்டார் சைக்கிளையும் சொந்த ஊர் வியாபாரி ஒருவருக்கே விற்றார். வண்டிகள் தன் மாகாணத்தை விட்டுப் போய்விடக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. 1978 ஜனவரி 6ஆம் திகதி இதயம் நின்றது. இன்வகார்கிலில், பெற்றோரும் சகோதரனும் கிடக்கும் மயானத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

புகழ் பின்னால் வந்தது. 1971இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த றொஜர் டொனால்ட்சன் என்ற இளைஞர், 2005இல் அந்தோனி ஹொப்கின்ஸை வைத்து முழுநீளப் படம் எடுத்தார். உலகின் மிக வேகமான இந்தியன் என்ற பொருள்படும் அதன் பெயரைக் கேட்டு நம்மவர் பலர் இந்தியாக்காரர் ஒருவரின் கதை என்றே நினைத்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் தன் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இவை அல்ல. 2014இல் மன்றோவின் மகன் ஜோன், தகப்பனின் 1967ஆம் ஆண்டுச் சாதனையின் எண்களைப் பார்த்தபோது ஏதோ ஒத்துவரவில்லை. இரண்டு ஓட்டங்களையும் எடுத்துச் சராசரி போட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் கணக்கிட்டவர்கள் பிழைவிட்டிருந்தார்கள். சங்கத்துக்கு எழுதினார். அவர்கள் பழைய பதிவுகளைச் சரிபார்த்து, பிழையை ஒப்புக்கொண்டு, சாதனையை 184.087 மைல் என்று திருத்தினார்கள். சாதனை நிகழ்ந்து 47 ஆண்டுகள், மன்றோ இறந்து 36 ஆண்டுகள் கழித்து. வித்தியாசம் மணிக்கு அரை மைல்தான்.

அரை மைலில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இறந்தவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வீட்டில் அதிகம் இருந்திராத ஒரு தகப்பனுக்காக, கிழவராகிவிட்ட ஒரு மகன் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்திருக்கிறார். கணக்கை வைத்திருந்தவர்கள் தாளைத் தொலைக்கவில்லை, மறைக்கவில்லை, பிழை எங்களுடையது என்று சொன்னார்கள். தங்கள் ஆட்களைப் பற்றிய எண்கள் பிழை என்று பதாகையோடு தெருவோரம் ஆண்டுக்கணக்காகக் குந்தியிருக்கும் தாய்மார் உள்ள ஊரில் இருந்து இதைப் படிக்கும்போது, அந்த அரை மைல் சிறிதாகத் தெரியவில்லை.

பொன்வில் உப்பும் இப்போது மெலிந்து வருகிறது. 2014, 2015, 2022 ஆண்டுகளில் நீரும் சேறும் காரணமாக வேக வாரம் நடக்கவில்லை. அந்தப் பாதை எவ்வளவு காலம் இருக்கும் என்று அங்கே ஓடுபவர்கள் கவலைப்படுகிறார்கள்.

கல்கிசைத் திருத்தகக்காரருக்கு ஒருநாள் மன்றோவின் கராஜ் தட்டின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். வேகத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, முறிந்த தண்டொன்றின் வாயைக் கூர்ந்து பார்த்தார். எந்த இடத்தில் அது முதலில் வெடிப்புக் கண்டிருக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, காத்திருந்த வண்டியிடம் திரும்பினார். பலகையின் ஓரத்தில் அந்த மருந்துப் போத்தல் தொங்கிக்கொண்டிருந்தது.